நோய்த்தொற்றுத் தடுப்பு: செவிலிய மாணவர்க்கான மாதிரிச்சூழல் பயிற்சி

கை கழுவுதல், கவச உடை அணிந்து கழற்றுதல், நுண்ணுயிர் நீக்கிய கருவிகளைக் கையாளுதல் ஆகியவற்றைச் செவிலிய மாணவர்கள் வார்டுக்குள் நுழையும் முன்பே பொம்மை உருவங்களிடமும், நோயாளியாக நடிப்பவர்களிடமும் செய்து பழகும் கல்விமுறை.

இம்முறையின் வேர் ஒரு பொம்மைப் பட்டறையில் இருக்கிறது. அமெரிக்காவின் பாவ்டக்கெட் நகரில் துணிப்பொம்மைகள் செய்துவந்தவர் மார்த்தா ஜென்கின்ஸ் சேஸ். ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளியின் தலைவி லாடர் சதர்லாந்து கேட்டுக்கொண்டதன்பேரில் 1911இல் அவர் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'திருமதி சேஸ்' என்று பெயர்பெற்ற அப்பொம்மையை மாணவியர் புரட்டினர், குளிப்பாட்டினர், அதற்கு உடை மாற்றினர். 1914இல் வந்த திருத்திய வடிவத்தில் ஊசி போடக் கையில் ஓர் இடமும், உடலுக்குள் நீர்க்கலனும் இருந்தன. கதீட்டர் செலுத்துவதையும் எனிமா கொடுப்பதையும் நோயாளிக்குத் தீங்கு நேராமல் பழக அது இடம் தந்தது. தொற்றுத் தடுப்புப் பயிற்சியின் ஒரு தொடக்கமாக இந்த நீர்க்கலனைக் கொள்ளலாம். நார்வேயின் லார்டால் நிறுவனம் 1960இல் வெளியிட்ட 'ரிசஸி ஆன்' பொம்மை பெரும்புகழ் பெற்றாலும், அது மூச்சு மீட்புக்காகச் செய்யப்பட்டது.

கிருமி கண்ணுக்குத் தெரியாது என்பதே இப்பயிற்சியின் தனிச் சிக்கல். அதனால் புற ஊதா விளக்கில் ஒளிரும் களிம்பைக் கையில் பூசிக் கழுவச் செய்கிறார்கள். விளக்கின் கீழே கட்டைவிரலும் விரல் நுனிகளும் விரலிடுக்குகளும் இன்னும் ஒளிர்ந்தால், கழுவாமல் விட்ட இடம் எதுவென்று மாணவருக்கே தெரிந்துவிடும். எந்தப் பாடநூலும் இவ்வளவு நேராகக் கற்பிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, சோப்பால் கழுவ 40 முதல் 60 விநாடியும், ஆல்கஹால் கரைசலுக்கு 20 முதல் 30 விநாடியும் வரையறுக்கிறது. கைத்தூய்மை தேவைப்படும் ஐந்து தருணங்களையும் அது வகுத்துள்ளது. அவற்றுள் எளிதில் மறந்துபோவது, நோயாளியைத் தொடாமல் அவரது கட்டில் கம்பி போன்ற சுற்றுப்புறத்தை மட்டும் தொட்ட பிறகான தருணம்.

கவச உடையை அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. 2014இல் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளியைக் கவனித்த இரு செவிலியருக்குத் தொற்று ஏற்பட்டது. அதையடுத்து, கவச உடையைப் பலமுறை அணிந்து கழற்றிப் பழகித் தேர்ந்தவரே எபோலா நோயாளியைக் கவனிக்கும் பணியில் இறங்க வேண்டும், கழற்றும்போது பயிற்சி பெற்ற பார்வையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்தியது.

செவிலியக் கல்வியில் நேரடி மருத்துவமனைப் பயிற்சி நேரத்தின் பாதி வரை மாதிரிச்சூழல் ஈடுசெய்யும் என்பதை 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. தேர்ந்த ஆசிரியரும், பயிற்சி முடிந்தபின் கூடிப் பேசும் அமர்வும் அதற்குத் தேவை. இந்தியாவில் இந்திய செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மாதிரிச்சூழல் பயிற்சியும் தொற்றுக் கட்டுப்பாடும் இடம்பெற்றுள்ளன.