கம்பெனி எப்படி ‘நபர்’ ஆச்சு? 1886-இல் நடந்த கதை

அமெரிக்க அரசியலில் கம்பெனிகளின் பணம் எவ்வளவு புழங்குதுன்னு பேச ஆரம்பிச்சா, யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பாங்க: “கம்பெனி என்ன மனுஷனா? அதுக்கு எதுக்கு உரிமை?” இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்வியைப் பற்றித்தான். ஆனா கதை தேர்தலில் தொடங்கலை. கலிபோர்னியாவில், ரயில் பாதையோரம் போட்டிருந்த ஒரு வேலியில் தொடங்குது.

1880-களின் கலிபோர்னியாவில் சதர்ன் பசிபிக் ரயில்வேயைத் தாண்டி எதுவும் நடக்காது. விவசாயி கோதுமையை ஏத்தணும்னாலும் அவங்க ரயில்தான், அவங்க சொல்ற கட்டணம்தான். இந்த ரயில்வேயை வளர்த்தது நாலு வியாபாரிகள். அதில் ஒருத்தர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு. சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் தலைவரா இருந்துக்கிட்டே மாநிலத்தின் கவர்னராவும் இருந்தார். 1885-இல் செனட்டரும் ஆனார். இன்னொருத்தர் காலிஸ் ஹன்டிங்டன். வாஷிங்டனில் உட்கார்ந்து காங்கிரஸ் உறுப்பினர்களைக் ‘கவனிச்சுக்கிறது’ அவர் வேலை. யாரை எப்படிச் சரிக்கட்டணும்னு தன் கூட்டாளி டேவிட் கோல்டனுக்கு அவர் எழுதின கடிதங்கள், கோல்டன் இறந்த பிறகு அவருடைய மனைவி தொடுத்த வழக்கில் கோர்ட்டுக்கு வந்து, பத்திரிகைகளிலும் வெளியாகி நாறிப்போச்சு.

மக்கள் சும்மா இருக்கலை. 1879-இல் கலிபோர்னியா புதிய அரசியல் சாசனம் எழுதியது. அதில் ஒரு விதி. சாதாரண ஆள் தன் நிலத்தை அடமானம் வெச்சிருந்தா, அந்தக் கடன் தொகையைக் கழிச்சிட்டு மீதி மதிப்புக்கு வரி கட்டினால் போதும். ரயில்வே கம்பெனிக்கு அந்தக் கழிவு கிடையாது, முழு மதிப்புக்கும் கட்டணும். சதர்ன் பசிபிக் கட்ட மறுத்தது. “அவங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?” என்பது அவங்க வாதம். வாதமாகப் பார்த்தால் அதில் விஷயமில்லாமல் இல்லை. சிக்கல், அவங்க கையில் எடுத்த ஆயுதம் எது என்பதில்தான் இருக்கு.

அந்த ஆயுதம் 14-ஆம் திருத்தம். உள்நாட்டுப் போர் முடிஞ்சு, அடிமைத்தனம் ஒழிஞ்ச பிறகு, 1868-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்த்த திருத்தம் அது. எந்த மாநிலமும் தன் எல்லைக்குள் இருக்கிற எந்த ‘நபருக்கும்’ சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது. விடுதலையான கறுப்பின மக்களை மனசில் வெச்சு எழுதினது. ரயில்வே வக்கீல்கள் அதைக் காட்டி, “எங்க கம்பெனியும் ஒரு நபர்தான்” என்றார்கள்.

இங்கே ராஸ்கோ காங்க்லிங் உள்ளே வர்றார். நியூயார்க்கின் செல்வாக்கான முன்னாள் செனட்டர். 1882-இல் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியா நியமிச்சு, செனட்டும் ஒப்புதல் கொடுத்தது. மனுஷன் வேண்டாம்னுட்டார். அதே வருஷம் டிசம்பரில் அதே நீதிமன்றத்தில் ரயில்வேயின் வக்கீலா வந்து நின்றார், சான் மட்டேயோ கவுண்டியோடு நடந்த வரி வழக்கில். அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு: 14-ஆம் திருத்தத்தை வரைந்த கூட்டுக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அதுவரை அச்சில் வராத அந்தக் குழுவின் குறிப்பேட்டைக் கோர்ட்டில் வாசிச்சுக் காட்டி, ‘குடிமகன்’னு போடாமல் ‘நபர்’னு போட்டதே கம்பெனிகளும் எங்கள் மனசில் இருந்ததால்தான் என்கிற எண்ணம் வர்ற மாதிரி வாதாடினார். திருத்தத்தை எழுதினவரே சொல்லும்போது யார் மறுப்பாங்க? பல ஆண்டுகள் பலரும் நம்பினாங்க. 1938-இல் ஹோவர்ட் ஜே கிரஹாம் என்கிற ஆய்வாளர் அந்தக் குறிப்பேட்டையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, காங்க்லிங் சொன்னதுக்கு அதில் ஆதாரம் இல்லைன்னு காட்டினார்.

சான் மட்டேயோ வழக்கு தீர்ப்பு வராமலே முடிஞ்சுபோச்சு. அடுத்து வந்தது சாந்தா கிளாரா கவுண்டியின் வழக்கு. கீழே கலிபோர்னியாவில் இந்த இரண்டு வழக்குகளிலும் ரயில்வே பக்கம் சாய்ந்தவர் ஸ்டீஃபன் ஃபீல்ட். உச்ச நீதிமன்ற நீதிபதி, சுற்று நீதிமன்றத்திலும் உட்காருவார். அன்றைய நடைமுறை அப்படி. ஸ்டான்ஃபோர்டின் நண்பர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கினப்போ அறங்காவலர் பட்டியலில் ஃபீல்ட் பெயரும் இருந்தது.

1886 ஜனவரி. உச்ச நீதிமன்றத்தில் சாந்தா கிளாரா வழக்கின் வாதம் தொடங்கும் முன்பே தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் ஒன்று சொன்னார்: கம்பெனிகளுக்கு 14-ஆம் திருத்தம் பொருந்துமா என்பது பற்றி வாதம் கேட்க விரும்பலை, பொருந்தும் என்பதே எங்கள் எல்லாருடைய கருத்தும். அவ்வளவுதான். ஏன் பொருந்தும்? ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

மே 10 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஹார்லன். இப்போ நம்ம வேலிக்கு வருவோம். ரயில்வேயின் சொத்துக்கு வரி மதிப்பிட்ட மாநில வாரியம், பாதையோர வேலிகளையும் சேர்த்து மதிப்பிட்டிருந்தது. வேலிக்கு மதிப்பு போட அந்த வாரியத்துக்கு அதிகாரமே இல்லை. மொத்தமா ஒரே தொகையா போட்டதால் பிரிச்செடுக்கவும் முடியாது. ஆக மொத்த மதிப்பீடும் செல்லாது, ரயில்வே ஜெயிச்சது. அரசியல் சாசனக் கேள்விக்குள் போக வேண்டிய அவசியமே இல்லைன்னு தீர்ப்பே சொல்லுது. ஃபீல்டுக்கு ஏமாற்றம். கூடவே வந்த சான் பெர்னார்டினோ வழக்கில், முக்கியமான கேள்வியை நீதிமன்றம் தொடாமல் விட்டதுக்காகத் தனியா வருத்தம் பதிவு செய்தார்.

அப்போ ‘நபர்’ எங்கிருந்து வந்தது?

தீர்ப்புகளை அச்சிட்டுத் தொகுக்கிறவர் ஜே.சி. பான்கிராஃப்ட் டேவிஸ். சாதாரண குமாஸ்தான்னு நினைச்சுடாதீங்க. வெளியுறவுத் துறையில் பெரிய பதவிகளில் இருந்தவர், தூதர், நீதிபதி. ஒரு காலத்தில் நியூயார்க் பக்கம் ஒரு சின்ன ரயில்வே கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தவர். தொகுப்பில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே அவர் ஒரு சுருக்கம் எழுதுவார், ஹெட்நோட். மே மாசக் கடைசியில் அவர் வெயிட்டுக்கு எழுதினார்: அன்னைக்கு நீங்க சொன்னதை இப்படிக் குறிச்சு வெச்சிருக்கேன், சரியா? வெயிட்டின் பதில்: நான் சொன்னது ஏறக்குறைய அதுதான். தீர்ப்பில் அரசியல் சாசனக் கேள்வியை நாங்க தவிர்த்துட்டதால, இதைப் போடுறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

டேவிஸ் போட்டார். அதுவும் ஹெட்நோட்டின் முதல் வரியாகவே: கம்பெனிகள் 14-ஆம் திருத்தத்தின்படி நபர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்னு நம்ம ஊரில் சொல்வாங்க. இங்கே தலைகீழ். சாமி எழுதிக் கொடுக்காத வரத்தைப் பூசாரி அச்சடிச்சுக் கொடுத்துட்டார்.

“ஒரு குமாஸ்தா பண்ணின தப்புதான் எல்லாத்துக்கும் காரணம்”னு இணையத்தில் அடிக்கடி படிப்பீங்க. நான் அதை ஏத்துக்கலை. டேவிஸ் இல்லாததை எழுதலை. வெயிட் அதைச் சொன்னார், ஆனா தீர்ப்பா சொல்லலை. என்னை உறுத்துறது வேறே. காரணம் எழுதாத முடிவை எதிர்த்து யாரும் வாதாட முடியாது. அந்த அறையில் இருந்த ஒன்பது பேரும் அதுக்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்கலை. மூணு வருஷத்துக்குள்ள, 1888-லேயும் 1889-லேயும், ‘கம்பெனி ஒரு நபர்’ என்பது முடிஞ்ச விஷயம் மாதிரி அதே நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் வந்துடுச்சு. ஹெட்நோட் நீதிமன்றத்தின் வேலையே இல்லைன்னு உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது 1906-இல்தான்.

அதே மே 10 அன்று இன்னொரு தீர்ப்பும் வந்தது: யிக் வோ வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகத்தின் அனுமதி வேணும். சீனர்கள் சுமார் 200 பேர் கேட்டாங்க, ஒருத்தருக்கும் கிடைக்கலை. சீனர் அல்லாத சுமார் 80 பேருக்குக் கிடைச்சது. 10 டாலர் அபராதம் கட்டாமல் ஜெயிலுக்குப் போன ஒரு சலவைக்காரருக்கு 14-ஆம் திருத்தம் பொருந்தும்னு நீதிமன்றம் காரண காரியத்தோடு, பக்கம் பக்கமா எழுதிச்சு. இந்த ரயில்வே முதலாளிகளின் சென்ட்ரல் பசிபிக் பாதையை மலையைக் குடைஞ்சு போட்டது பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. விளக்கத்தோடு வந்த அந்தத் தீர்ப்பு பல பத்தாண்டுகள் பெரிசா யாருக்கும் பயன்படலை. பத்து வருஷம் கழிச்சு, 1896-இல், கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்கினது சரிதான்னு அதே நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் சொன்னது.

1938-இல் நீதிபதி ஹியூகோ பிளாக் ஒரு கணக்கு சொன்னார். 14-ஆம் திருத்தம் வந்த முதல் 50 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்தின வழக்குகளில், கறுப்பின மக்களின் பாதுகாப்புக்காக வந்தவை அரை சதவீதத்துக்கும் குறைவு. கம்பெனிகளுக்குப் பலன் கேட்டு வந்தவை பாதிக்கும் மேல். கம்பெனி நபர் என்கிற கொள்கையையே கைவிடணும்னு எழுதினார். ஆனா அது மாறுபட்ட தீர்ப்பு. அவர் மட்டும் தனியா நின்றார்.

2010-இல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, தேர்தல் நேரத்தில் கம்பெனிகள் வேட்பாளர்களைச் சாராமல் தனியா எவ்வளவு வேணும்னாலும் செலவழிக்கலாம்னு 5-க்கு 4 என்று சொன்னது. அது நேரடியா 1886-ஐ அடிப்படையா வெச்சு வந்ததில்லை. பேச்சுரிமையைப் பற்றிய 1-ஆம் திருத்தத்தின் மேல் கட்டினது. ஆனா கம்பெனிக்குப் பேச்சுரிமை உண்டுன்னு 1978-இல் பெல்லாட்டி வழக்கில் சொன்னப்போ, கம்பெனி நபர்தான் என்பதுக்கு அடிக்குறிப்பில் காட்டின சான்று என்ன தெரியுமா? சாந்தா கிளாரா.

இதுக்கு நடுவில் ஒரு முறை காங்கிரஸ் கம்பெனிப் பணத்துக்குக் கதவை மூடவும் பார்த்தது. 1905-இல் நியூயார்க்கில் நடந்த விசாரணையில், பாலிசிதாரர்களின் பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தியோடர் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் நிதிக்குக் கொடுத்தது அம்பலமாச்சு. அதுக்குப் பிறகு 1907-இல் வந்த டில்மன் சட்டம்தான் அடுத்த எபிசோடு. அந்த டில்மன் யார், என்ன மாதிரி ஆள் என்பதே தனிக் கதை. கேளுங்க.