அம்பா பாட்டைப் பதிய: ஆடாசிட்டியா, ஆர்டோரா?

கரைவலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அம்பா. தூத்துக்குடிக் கரையில் அதை அறிந்த பெரியவர் ஒருவரை வீட்டில் உட்காரவைத்துப் பதிவுசெய்ய நினைப்பவர்முன் கட்டற்ற மென்பொருள்கள் இரண்டு நிற்கும். ஒன்று ஆடாசிட்டி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கி 2000-இல் வெளியிட்டது. இன்னொன்று பால் டேவிஸ் உருவாக்கிய ஆர்டோர்.

ஒற்றைக் குரலுக்கு ஆடாசிட்டியே போதும். திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு ஓடத் தொடங்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதிதான் அதன் பெரிய பலம். பாட்டு தொடங்குமுன் சில விநாடி வெறும் அறையைப் பதிந்துகொண்டு, 'இதுதான் இரைச்சல்' என்று அந்தத் துண்டைக் காட்டினால், பாட்டிலிருந்தும் அதைக் குறைத்துத் தரும். தூத்துக்குடிப் புழுக்கத்தில் அணைக்க முடியாத மின்விசிறியின் சீரான உறுமல் இப்படி அடங்கும். அலையும் கச்சான் காற்றும் அடங்கா. அவை கணத்துக்குக் கணம் மாறுபவை. விடாமல் அழுத்தினால் குரல் தகரம்போல் நடுங்கும். அலைக்கும் காற்றுக்கும் சன்னலில் தொங்கும் கனத்த போர்வை எந்த மென்பொருளையும்விட மேல்.

ஆர்டோர் இந்த வேலைக்கு அதிகப்படி. தொடங்கும்போதே ஒலி அட்டையையும் இணைப்புகளையும் பற்றிக் கேட்கும். ஆனால் அதே பாட்டுக்கு வாங்கிப் பாடும் குரல்களையும் டோலக்கையும் தனித்தனியே சேர்க்கும்போது அதன் அருமை தெரியும். லினக்ஸில் மாதிரி வீதம் 48,000 ஹெர்ட்ஸ், இடையகம் 128 மாதிரி என்று வைத்தால் ஒரு சுற்றுக்குத் தாமதம் 3 மில்லிவிநாடிகூட ஆகாது. தன் குரலைக் காதொலிப்பானில் கேட்டபடியே ஒருவர் தடுமாறாமல் பாடலாம். ஆடாசிட்டியில் தாமதத்தை அமைப்புகளில் நாமே அளந்து ஈடுகட்ட வேண்டும். 2022-இல் வந்த அதன் 3.2 பதிப்பு, ஒலி ஓடும்போதே எதிரொலி முதலியவற்றைக் கூட்டிக் குறைக்க வழிசெய்தது. அந்த அளவுக்கு இரண்டுக்குமான இடைவெளி சுருங்கியிருக்கிறது.

விலையிலும் சின்ன வேறுபாடு உண்டு. ஆர்டோரின் மூலநிரல் எவருக்கும் கிடைக்கும். அதன் தளத்திலிருந்து ஆயத்த நிலையில் இறக்க மட்டும் ஏதாவது தொகை தர வேண்டும். டெபியன், உபுண்டு பயன்படுத்துவோருக்கு அதுவும் வேண்டாம்.

என் தேர்வைத் தீர்மானிப்பது தாளம். அம்பாவின் வேகம் வலையின் பாரத்தோடு ஏறி இறங்குவது. தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் காதில் ஓடவிட்டுப் பாடச் சொன்னால் பெரியவரின் பாட்டு செத்துப்போகும். முதல் குரலை எதில் பதிந்தாலும் சரி, கிளிக் இல்லாமல் பதிய வேண்டும். ஆர்டோரின் 8-ஆம் பதிப்பிலோ, பதிந்த பாட்டுக்கு ஏற்பத் தாளக் கட்டங்களை இழுத்து நகர்த்தலாம். டோலக்குக்காரர் பெரியவரைப் பின்தொடர்ந்து வாசிக்கலாம்.