தாடி வளர்க்க முடியாத காதல் தோல்வி

நம்ம பக்கம் காதல் தோல்விக்குன்னு ஒரு மரியாதை உண்டுங்க. தாடி வளர்க்கலாம், காடாம்புலியூர் டீக்கடையில உம்முன்னு உக்காந்திருக்கலாம். யாராச்சும் தோள்ல கைபோட்டு "விடு மாப்ள"ம்பாங்க. பிரிஞ்சது ரெண்டு ஆண்கள்னா?

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தனுக்கு 2016-ல அப்படி ஒரு பிரிவு. அழுகை வர்றப்பல்லாம் "இது வியாதிதானே, விட்டுச்சேன்னு சந்தோஷப்படு"ன்னு தன்னையே அதட்டிப்பானாம். துக்கத்தைவிட வெட்கம் பெருசா இருந்திருக்கு.

இந்த 'வியாதி' நினைப்புக்கு வயசு அதிகம். 1860-ல வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டத்தோட 377-வது பிரிவு, இதைக் குற்றமாக்குச்சு. மருத்துவம் நோய்னு பேர் வச்சுது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லயும், உலக சுகாதார நிறுவனம் 1990-லயும் நோய்ப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ச் சட்டம் மாற 2018 செப்டம்பர் 6 வரைக்கும் ஆச்சு. (2009-ல டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்ததை 2013-ல உச்ச நீதிமன்றம் திரும்பப் பிடுங்கின கூத்து தனி!)

எனக்குப் பிடிச்சது 2021 சென்னை வழக்குதான். மதுரையிலேருந்து வீட்டைவிட்டு வந்த ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே முன்முடிவுகள் இருக்குன்னு ஒத்துக்கிட்டு, புரிஞ்சுக்க ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்தார். ஜூன் 7 உத்தரவுல, ஈர்ப்பை 'மாத்துற' சிகிச்சைக்குத் தடை போட்டார்.

நண்பன் என்கிட்ட வாயைத் திறந்தது 2018 தீர்ப்பு வந்த வாரம். அதே டீக்கடை. "விடு மாப்ள"ன்னேன். ரெண்டு வருஷம் லேட்டு. அப்பத்தான் அழுதான்.