மார்செய் சீட்டுக்கட்டு

மார்செய் சீட்டுக்கட்டு: சர்ரியலிசக் கலைஞர்கள் கூடி வரைந்த சீட்டுக்கட்டு. 1940–41இல், நாஜிகளுக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு வெளியேற விசாவுக்குக் காத்திருந்த, சர்ரியலிச இயக்கத்தின் நிறுவனர் ஆந்திரே பிரெத்தோன், மார்செய் நகரின் ஏர்-பெல் மாளிகையில் தங்கியிருந்தார். அங்கு கூடிய மாக்ஸ் எர்ன்ஸ்ட், விக்டர் பிரவுனர், விஃப்ரெதோ லாம், ழாக்லின் லம்பா, ஆந்திரே மாசோன் முதலியோர் இதை உருவாக்கினர்.

வழக்கமான நான்கு இனங்களுக்குப் பதிலாகக் காதலுக்குச் சுடர், கனவுக்கு விண்மீன், புரட்சிக்குச் சக்கரம், அறிவுக்குப் பூட்டு ஆகிய சின்னங்கள் வந்தன. மன்னராட்சியின் அடையாளங்களான ராஜா, ராணி, ஜாக்கி நீக்கப்பட்டு மேதை, கடற்கன்னி, மந்திரவாதி இடம்பெற்றனர். அறிவு இனத்தின் மந்திரவாதி, ரசவாதியும் மருத்துவருமான பாராசெல்சஸ். அதன் கடற்கன்னி, மயக்கநிலையில் செவ்வாய்க்கிரக மொழியை எழுதியதாகச் சொன்ன ஜெனீவாவின் ஆவியுலக ஊடகர் எலேன் ஸ்மித். அதே இனத்தின் மேதை, தத்துவஞானி ஹெகல். கனவின் மந்திரவாதி, உளப்பகுப்பாய்வின் நிறுவனர் ஃபிராய்டு. புரட்சியின் மந்திரவாதி, மெக்சிகோ புரட்சியாளர் பாஞ்சோ வியா.

மறைஞானத்தையும் உளப்பகுப்பாய்வையும் புரட்சியையும் இக்கட்டு ஒரே வரிசையில் வைக்கிறது. சர்ரியலிசத்தில் மந்திரம் என்பது மூடநம்பிக்கையன்று. அடக்குமுறைக்கு எதிரான கற்பனையின் ஆற்றல். இதை இச்சீட்டுகளைவிடச் சுருக்கமாகக் காட்டும் படைப்பு அரிது. 1943இல் நியூயார்க்கின் ‘விவிவி’ இதழில் இக்கட்டு வெளியானது. மூல ஓவியங்கள் மார்செயின் கந்தினி அருங்காட்சியகத்தில் உள்ளன.