தூரிகை கண்டதும் காணாததும்

ஓர் இனத்தின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் கல்வெட்டைத் தேடுவர், ஏட்டைத் தேடுவர். இவை இரண்டும் இல்லாத மக்களின் சரித்திரத்தை எங்கே தேடுவது? சில வேளைகளில், கடல் கடந்து வந்த ஓர் ஓவியனின் நீர்வர்ணச் சித்திரங்களே சான்றாகிவிடுகின்றன.

1585 ஆம் ஆண்டில், சேர் வோல்ரர் றாலி அனுப்பிய ஆங்கிலேயக் கப்பல்கள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடைந்தன. இன்றைய வட கரோலினா அது. அக்கப்பல்களிலே சென்ற ஓவியர் ஜோன் வைற், அங்கு வாழ்ந்த அல்கொங்குவியன் மக்களின் ஆடை அணிகளையும் ஊர்களையும் உணவையும் வர்ணத்திலே தீட்டினார்.

அவற்றுள் ஒன்றைப் பார்ப்போம். பொமேயொக் என்ற ஊரின் தலைவனுடைய மனைவி நிற்கிறாள். இடையிலே குஞ்சம் வைத்த மான்தோல். முகத்திலும் கைகளிலும் பச்சை குத்திய கோலம். கழுத்து மாலையிலே ஒரு கையைத் தாங்கவிட்டு, மறுகையிலே சுரைக் குடுவை ஏந்தியிருக்கிறாள். அருகிலே எட்டுப் பத்து வயதுச் சிறுமி. அவள் கையில் இருப்பது என்ன? எலிசபெத் மகாராணி காலத்து உடை அணிந்த ஆங்கிலேயப் பொம்மை! மான்தோல் உடுத்த மண்ணிலே, அந்நியரின் ஆடை பொம்மை உருவில் வந்து குழந்தையின் கையில் ஏறிவிட்டது.

ஆங்கிலேயர் பொமேயொக்கை அடைந்தது ஜூலை 12 இல். நான்கு நாள் கழித்து, வெள்ளிக் கிண்ணம் ஒன்று களவு போனதென்று கூறி, அக்குவஸ்கொகொக் என்ற இன்னோர் ஊரையும் அதன் சோளப் பயிரையும் எரித்தனர். அந்தப் பயணத்திலே வைற்றும் இருந்தார். ஆயினும் எஞ்சியுள்ள அவரது சித்திரங்களில் அந்தத் தீ இல்லை. உடையைக் காட்டிய தூரிகை, உடையவருக்கு நேர்ந்ததைக் காட்டவில்லை.

1590 இல் தியடோர் டி பிறை இச்சித்திரங்களைச் செப்புத் தகட்டிலே செதுக்கி, தோமஸ் ஹரியற்றின் நூலுடன் நான்கு மொழிகளில் வெளியிட்டார். அமெரிக்காவைக் கண்ணாற் காணாத அவர் கையிலே, அம்மக்களின் முகமும் உடற்கட்டும் ஐரோப்பியச் சிலைகளின் சாயலைப் பெற்றன. ஐரோப்பா நெடுங்காலம் அறிந்தது அந்தச் சாயலையே. வைற்றின் மூலச் சித்திரங்கள் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது 1866 இலேதான்.

அச்சித்திரங்கள் இல்லையேல் அம்மக்களின் கோலத்தை நாம் அறிய வழியில்லை. அந்த நன்றியோடு ஒன்றையும் நினைவிற் கொள்வோம்: பொம்மை எந்த நாட்டது என்பது நமக்குத் தெரியும், அதை ஏந்திய சிறுமியின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.