கரும்புத் தோட்ட நாட்டில் பிறந்த புற்றுநோய் ஆய்வாளர்

தமிழகத்திலிருந்து கப்பலேறியவர் அனைவரும் பினாங்குத் துறையில் இறங்கியவரல்லர். பேராக்கில் செமோர், ஈப்போ வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களை வந்தடைந்தோர் ஒரு சாரார். உலகின் மறுகோடியிலுள்ள டெமராராவுக்குக் கரும்பு வெட்டப் போனோர் மற்றொரு சாரார். பிரிட்டிஷ் கயானா என வழங்கிய அந்நாட்டில், 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்னும் இரு கப்பல்கள் முதல் இந்தியத் தொழிலாளரை இறக்கின. ஒப்பந்தக் கூலி முறை 1917-இல் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 2,39,000 பேர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழிச் சென்ற வடவர். சென்னைக் கப்பல்களில் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆங்கே 'மதராசிகள்' எனப்பட்டனர். அந்நாட்டு இந்திய வம்சத்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்றவர் டாக்டர் பத்மணி சர்மா. புற்றுநோய்க்கும் உடலின் காவலணுக்களுக்கும் இடையே நிகழும் போரை ஆராய்வதே இவ்வம்மையாரின் வாழ்நாட்பணி.

காவலணுக்கள் என்பன யாவை? குருதியிலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை 'டி' அணுக்கள். மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமஸ் சுரப்பியில் இவை பக்குவமடைகின்றன. அச்சுரப்பி வெறும் எச்ச உறுப்பன்று என்பதை 1961-இல் இலண்டனில் ஜாக் மில்லர் காட்டினார். அயலான் புகுந்தால் அழிப்பது 'டி' அணுவின் தொழில். ஆனால் புற்றணு அயலானன்று. சொந்த வீட்டுப் பிள்ளையே தறிகெட்டுப் போனது போன்றது. ஆகவே காவலன் தயங்குகிறான். அத்தயக்கத்துக்கு ஒரு காரணம், 'டி' அணுவின் மேற்பரப்பிலேயே அமைந்த சி.டி.எல்.ஏ.-4 என்னும் புரதம். அது வண்டிக்குத் தடைக்கட்டை போன்றது என்பதைக் கண்டவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் அலிசன். சிறுவயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தடைக்கட்டையை நீக்கினால் எலிகளின் கட்டிகள் கரைவதை 1996-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். அதன் வழிவந்த 'இபிலிமுமாப்' என்னும் மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவும் அலிசனும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எலியில் நிகழ்ந்தது மனிதனில் எவ்வாறு நிகழ்கிறது? இங்கேதான் சர்மாவின் பங்கு தொடங்குகிறது. ஹூஸ்டன் நகரத்து எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 2004-இல் சேர்ந்த அவர், எளிதாகத் தோன்றும் ஒரு வழியைக் கைக்கொண்டார். மருந்து கொடுத்தபின் படமெடுத்துக் கட்டியின் அளவைப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. கட்டி சுருங்கிற்றா, இல்லையா என்பது அதனால் தெரியும். ஏன் என்பது தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுக்காக அறுவை செய்துகொள்ளவிருந்த 12 நோயாளிகளுக்கு முன்னதாகவே மருந்து கொடுத்து, பின்னர் அறுத்தெடுத்த கட்டியையே அவர் ஆராய்ந்தார். அறுவையால் குணமாகத்தக்க நோயாளிக்குப் பக்கவிளைவுள்ள மருந்தை ஏன் கொடுக்கவேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும் மனிதக் கட்டிக்குள் நடப்பதை அறிய இதைவிட நேரான வழி இல்லை.

அக்கட்டிகளிலும் குருதியிலும் 'ஐகாஸ்' என்னும் புரதம் தாங்கிய 'டி' அணுக்கள் பெருகியிருந்தன. இது 2008-இல் வெளியாயிற்று. ஐகாஸ் இல்லாத எலிகளில் மருந்தின் பயன் குன்றுவதை 2011-இல் அவர் குழுவினர் காட்டினர். தடையை நீக்கினால் மட்டும் போதாது, மாட்டை ஓட்டும் தார்க்கோலும் வேண்டும் என்பது இதன் பொருள். எலியிலிருந்து மனிதனுக்கு வந்த ஆராய்ச்சி மனிதனிலிருந்து எலிக்குத் திரும்பிய இப்போக்கே அவர் பணியில் மிகச் சிறந்தது எனலாம். ஆய்வில் துணைநின்ற சர்மாவும் அலிசனும் 2014-இல் மணவாழ்விலும் இணைந்தனர்.

வெற்றிகள் முழுமையானவையல்ல. முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 'நிவோலுமாப்' என்னும் மற்றொரு மருந்தை அவர் தலைமையில் ஆராய்ந்தபோது, 265 பேரில் 52 பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. முடிவு 2017-இல் வெளிவந்தது. வேறு மருந்து கைகொடாத நோயாளிகளுக்கு இது பெரிதே. எஞ்சிய 213 பேரை எண்ணினால் சிறிதே. ஏவிவிட்ட காவலணுக்கள் குடலையும் பிற உறுப்புக்களையும் தாக்குவதும் உண்டு.

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றோ இன்னும் பிடிவாதமானது. அதில் இபிலிமுமாப் எதிர்பார்த்த பயன் தரவில்லை. ஏன் என்று திசுவையே கேட்டார் சர்மா. மருந்துக்குப்பின் 'டி' அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருந்தன. ஆனால் 'விஸ்டா', 'பி.டி.-எல்.1' என்னும் வேறிரு தடைப்புரதங்கள் அங்கே மிகுந்திருந்தன. ஒரு கதவைத் திறந்ததும் உள்ளே வேறு கதவுகள் தாழிடப்பட்டன. இக்காட்சி 2017-இல் வெளியாயிற்று. பின்னர் இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அளக்கத்தக்க கட்டியுடையோருள், முன்னர்க் கீமோதெரபி பெறாதவரில் நூற்றுக்கு 25 பேருக்கும், பெற்றவரில் நூற்றுக்கு 10 பேருக்கும் கட்டி சுருங்கியதென 2020-இல் அறிவித்தனர். கடும் பக்கவிளைவுகளும் நேர்ந்தன. அவற்றையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை.