வேலூரின் ‘காரணம் அறியாத’ சிரோசிஸும் நோயெதிர்ப்புச் செல்களின் சாட்சியமும்

மண்ணீரல் வீங்கி, தட்டணுக்கள் குறைந்து, உணவுக்குழாயில் புடைத்த சிரை வெடித்து இரத்த வாந்தியோடு வருபவருக்கு மதுப்பழக்கமோ வைரஸ் தொற்றோ இல்லையென்றால், ‘காரணம் அறியாத சிரோசிஸ்’ என்று எழுதிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2009இல் வெளியான ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்தது. இத்தகையோரின் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது பலருக்குச் சிரோசிஸே இல்லை. தழும்பு சூழ்ந்த முடிச்சுகளைக் காணோம். போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள்தாம் அடைபட்டிருந்தன. நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் இதைக் கடந்துபோக முடியாது. வீங்கிய மண்ணீரல் வெள்ளணுக்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இவர்களைச் சிரோசிஸ் குழுவில் சேர்த்து இரத்தத்திலுள்ள லிம்போசைட்டுகளை எண்ணினால், மண்ணீரல் பிடித்துவைத்ததை எதிர்ப்பாற்றலின் சரிவு என்று தவறாக வாசிப்போம். சிரோசிஸில் நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றிப் பேசுமுன் நோயாளிகளைக் காரணவாரியாகப் பிரித்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

உண்மையான சிரோசிஸுக்குள்ளும் வேறுபாடு பெரிது. மது சிதைத்த கல்லீரலில், உப்பிய செல்களைச் சுற்றி நியூட்ரோஃபில்கள் மொய்த்து நிற்கும். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியில் போர்ட்டல் பகுதியின் விளிம்பை பிளாஸ்மா செல்களும் லிம்போசைட்டுகளும் அரிக்கும். இரத்தத்தில் ஐஜிஜி ஏறும். பித்தநாளங்களை அழிக்கும் முதன்மைப் பித்தக் கல்லீரல் நோயில் ஏறுவது ஐஜிஎம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளில் வைரஸோடு ஓயாமல் போராடும் சிடி8 டி செல்கள் களைத்துச் செயலிழக்கின்றன.

இறுதிக் கட்டத்தில் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். இந்த மறுப்பில் வலு உண்டு. எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும், குடல் பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுகளும் கசிந்து மோனோசைட்டுகளை மந்தமாக்குகின்றன. கல்லீரல் நிலையை மதிப்பிடும் மெல்ட் அளவுகோலும் இன்று காரணத்தைக் கேட்பதில்லை. எடின்பரோ ஆய்வாளர்கள் 2019இல் செல்களைத் தனித்தனியே பகுத்து, வெவ்வேறு காரணங்களால் இறுகிய கல்லீரல்களில் தழும்பை ஒட்டி ஒரே வகை மேக்ரோஃபேஜ்களைக் கண்டனர். ஆனால் போய்ச்சேரும் இடம் ஒன்று என்பதால் வந்த வழியும் ஒன்றாகிவிடாது. சிகிச்சை அதைக் காட்டிக்கொடுக்கிறது. தன்னெதிர்ப்பு அழற்சியைப் பெரும்பாலும் அடக்கும் ஸ்டீராய்டு, மதுசார் கல்லீரல் அழற்சியில் ஏமாற்றியது. 2015இல் வெளியான பிரிட்டனின் ஸ்டோப்பா சோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்ந்தும், 90 நாள் உயிர்பிழைப்பில் பிரெட்னிசலோன் பயன் தரவில்லை; கடுந்தொற்றுகளோ கூடின. எதிர்ப்புச் செல்கள் எங்கும் ஒன்றேபோல் நடந்துகொண்டால் இந்த வேறுபாட்டுக்கு இடமேது?

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரே ஆளிடம் மது, நீரிழிவு, உடல்பருமன் மூன்றும் இருக்கையில் எந்தப் பெட்டியில் அவரைப் போடுவது? ஒரு பெட்டியில் போடவே வேண்டாம். ஒவ்வொன்றையும் அளவோடு குறித்தால் போதும். தோல் ஆலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் அக்குறிப்பில் தொழிலும் இடம்பெற வேண்டும். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு மனோசிலை கலப்பது தோல் தொழிலின் பழைய முறைகளுள் ஒன்று; மனோசிலை ஆர்செனிக் சேர்மம். சிரோசிஸ் இல்லாத போர்ட்டல் சிரை அழுத்தத்துக்கு ஆர்செனிக் காரணமாகலாம் என்று 1979இலேயே சண்டிகர் மருத்துவர்கள் எழுதினார்கள். செயற்கைத் தோலுக்குப் பூச்சிடப் பயன்படும் டைமெத்தில்ஃபார்மமைடும் கல்லீரலைத் தாக்கும். அதைச் சுவாசித்தவர் மது அருந்தினால் முகம் சிவந்து உடல் ஒவ்வாமல் போகும். இந்த மண்ணின் கல்லீரல் நோய்க்கு ஆலைகளே காரணம் என்று இதைக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. ஆயினும் சுண்ணாம்புக் குழியில் நின்றவரா, பூச்சுப் பிரிவில் இருந்தவரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு எழுதச் சில நிமிடங்களே ஆகும். அந்தப் பதிவும் திசுச் சோதனையும் இல்லாமல் எடுத்த இரத்தத்தில் டி செல்களை எவ்வளவு நுணுக்கமாக எண்ணினாலும், யாருடைய நோயை எண்ணினோம் என்பதற்கு விடை கிடைக்காது.